எங்கம்மாவை அம்மா என்றவள்

எங்கள் அம்மாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று எங்கள் தெருவில் கேட்டால் ஒரே பையன் என்பார்கள். ராஜபாளையத்தின் மற்ற தெருக்களில் போய்க் கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்லியிருப்பார்கள்.

அம்மா, சிஸ்டர்கள் நடத்திய ஓர் இல்லத்தில் சமையல் வேலை பார்த்தாள். புருஷன் அடி தாங்காமல், போக்கிடமும் இல்லாமல், கட்டின சேலையோடு வந்த பெண்களும் அவர்களின் பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். அந்த இல்லத்தில் ஒரு வழக்கம். பிள்ளைகளைக் கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ கூட்டிப்போக வேண்டுமென்றால் பெற்றவள் போகமாட்டாள், அம்மாதான் போவாள். கேட்டைத் தாண்டியதும் அந்தப் பிள்ளை எங்கள் அம்மாவை ‘அம்மா’ என்றே கூப்பிட வேண்டும். யார் பிள்ளை, எங்கேயிருந்து வந்தது என்று தேடித் திரிகிறவர்கள் எவருக்கும் அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு.

பெரியவர்களுக்கு அது நல்ல ஏற்பாடாக இருந்திருக்கும். எனக்கு வயிறு எரிந்தது.

அதிலும் சேத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சிறுமி, கேட்டுக்கு உள்ளே இருக்கும்போதுகூட அம்மா என்றுதான் கூப்பிடுவாள். அவளைப் பெற்றவள் கையில் மாவுக்கட்டோடு படுத்திருந்ததால் அம்மாதான் அவளுக்குத் தலைவாரி, சோறு ஊட்டி, தூங்க வைத்தாள். எனக்குத் தலைவாரிவிட யாரும் கிடையாது. அப்பா மில்லில் ஷிப்டு முடிந்து வந்து படுத்தால் எழுந்திருக்க மாட்டார். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். நான் படிப்பதை வாயைப் பிளந்துகொண்டு கேட்க அம்மா ஒருத்திதான் உண்டு. அவளோ விடியுமுன் போய் இருட்டின பிறகு வருவாள்.

ஆகவே, ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கூட்டிப்போகிறேன் என்று அம்மா சொன்னபோது, அந்த ஒரு நாள் முழுக்க அவள் எனக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டேன். கடைப் பலகைகளை எல்லாம் அவளுக்கு வாசித்துக் காட்டுவதாகத் திட்டம்.

காலையில் பார்த்தால் அம்மாவின் இடுப்பில் பச்சைப் பாவாடை கட்டி அந்தச் சிறுமி.

“இவ எதுக்கு வாரா?”

“வந்ததுலேர்ந்து கேட்டத் தாண்டலலே, பாவம். சிஸ்டர் வேண்டாம்னுதான் சொன்னாக. நாந்தான் கெஞ்சிக் கேட்டுக் கூட்டியாந்தேன். செத்த நேரம் பேசாம வா.”

பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்கு. ரத வீதியில் வளையலும் அவளுக்கு. எனக்கு என்று நான் கேட்டதற்கு, “ஆம்பளப் பயலுக்கு எதுக்குலே வளையல்?” என்றாள் அம்மா. நான் முதல் பலகையை வாசிக்கத் தொடங்கியதுமே, “அம்மா, அந்தா தேரு!” என்று சிறுமி கத்தினாள். அம்மாவும் தேரைத்தான் பார்த்தாள்.

தேர்வடத்துக்கு வழிவிடக் கூட்டம் ஒதுங்கியபோது எதிர்ப்புறம் மஞ்சள் சட்டை போட்ட ஒருவர் அம்மாவின் இடுப்பில் இருந்தவளையே பார்த்துக்கொண்டு நின்றார். சிறுமி அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். “அப்பா,” என்றாள், எனக்கே பாதிதான் கேட்டது.

அம்மா என் கையை விட்டாள். “ஏலே, இந்த மோர்ப் பந்தல்லயே நில்லு, வாரேன்,” என்று சொல்லி, அவளை முந்தானையால் போர்த்தித் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் நின்றேன், அப்புறம் அழுதேன். ஒரு போலீஸ்காரர் என்னைத் தூக்கிப் போய் மைக் கட்டிய கொட்டகையில் உட்கார வைத்தார். ஊர், தெரு, அப்பாவின் மில் எல்லாவற்றையும் அழுகைக்கு நடுவே ஒப்பித்தேன்.

“பய வெவரமாத்தான் இருக்கான்,” என்று சிரித்துவிட்டு, என் பெயரை ஒரே ஒரு தடவை மைக்கில் சொன்னார்.

அப்போது அந்த மஞ்சள் சட்டைக்காரர் உள்ளே வந்தார். வேர்த்துக் கொட்டியிருந்தது, கண்ணெல்லாம் சிவப்பு.

“எம் மகளக் காணும்யா. எவளோ தூக்கிட்டுப் போறா. எங்கண்ணால பாத்தேன்.”

“பயப்படாதீங்கண்ணே. யாரு கண்டாலும் இங்கனதான் கொண்டாருவாக. பொறவு ஒங்க கையிலயே குடுத்திருவோம்.”

அவளுடைய பச்சைப் பாவாடையைப் பற்றி மைக் திரும்பத் திரும்பச் சொன்னது. என் பெயரை அதற்குப் பிறகு யாரும் நினைக்கவில்லை. மஞ்சள் சட்டைக்காரர் என் பக்கத்தில் குந்தி, மடியிலிருந்து கடலை மிட்டாய் எடுத்து நீட்டினார்.

“தம்பி, பச்சப் பாவாட கட்டுன புள்ளைய நீ பாத்தியாலே?”

அவர் குரல் உடைந்தது. எனக்காக இப்படி யாரும் குரல் உடைந்து தேடியதில்லை. ஜன்னலோரம் அவளுக்கு, வளையல் அவளுக்கு, எங்கள் அம்மா அவளுக்கு. இப்படி அழுது தேடும் அப்பாவும் அவளுக்கே வேண்டுமாக்கும்?

“பாக்கல,” என்றேன்.

வெகுநேரம் இருந்து பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாண்டில் தேடுவதாகச் சொல்லி அவர் போனார். பொழுது சாயும் நேரத்தில் அம்மா தனியாக வந்து என்னைக் கூட்டிப்போனாள். சிறுமி வளையல் கடையின் படுதாவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல் ஊருக்கு வெளியே நடந்து, கை காட்டி ஒரு பஸ்ஸில் ஏறினோம். சிறுமி அம்மாவின் மடியில் தூங்கிப்போனாள். மஞ்சள் சட்டைக்காரர் கொட்டகைக்கு வந்ததை நான் சொல்லவில்லை. சொன்னால் அம்மா அவளைத்தான் இன்னும் இறுக்கிக் கட்டிக்கொள்வாள்.

“யம்மா, அவளத் தூக்கிட்டு என்னய மட்டும் ஏன் விட்டுட்டுப் போன?”

அம்மா என் தலையைக் கோதினாள். “ஒன்னய யாரு கண்டெடுத்தாலும் நம்ம வீட்டுலதானலே கொண்டாந்து விடப்போறாக.”

எனக்கு இது ஒரு பதிலாகவே படவில்லை. அவளை மட்டும் காட்டிலா கொண்டுபோய் விடுவார்கள்? அவளையும் அவளுடைய வீட்டில்தானே விடுவார்கள். அதற்குப் போய் அம்மா ஏன் இன்னும் அவளை முந்தானையால் மூடியே வைத்திருக்கிறாள் என்று, ராஜபாளையம் வந்து சேரும் வரை யோசித்தும் எனக்கு விளங்கவில்லை.