மோசல் கரையில் தவமலரக்கா

யோகன் அண்ணையின் அழைப்பு வந்தபோது நான் வேலைக்குப் போக லண்டனில் ட்ராமுக்குள் நின்றுகொண்டிருந்தேன். "சுதா, தவம் போயிட்டா" என்றார். எங்கே என்று கேட்டேன். உண்மையாகவே அப்படித்தான் கேட்டேன். நானும் அவர் மனைவி தவமலரக்காவும் ஜெர்மனியில் மோசல் ஆற்றங்கரையில் ஆறு நாள் சைக்கிள் ஓடிவிட்டுத் திரும்பி இரண்டு கிழமைகூட ஆகவில்லை.

மருந்துக்கடையில் பன்னிரண்டு வருடம் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்தோம். இதை வாசிப்பவர்களில் அங்கு வந்துபோனவர்களுக்கு அவருடைய குரல் தெரியும். நெஞ்செரிவுக்கு மாத்திரை கேட்டு யார் வந்தாலும் இலேசில் விடமாட்டார். "கை நோகுதோ? தாடை நோகுதோ? மாரடைப்பாயும் இருக்கும், வாயு எண்டு நினைச்சு வீட்டிலை இருக்காதேங்கோ."

பயணம் அவருடைய யோசனைதான். "சண்டையிலை பெற்றோல் இல்லாத காலம் ஊரிலை எங்கையும் சைக்கிள்தான். இங்கை வந்து முப்பது வருஷமா பஸ்ஸிலை இருக்கிறன். விசர்க் கதை" என்றார். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் செங்குத்தான சரிவில் திராட்சைத் தோட்டங்கள். பழைய ஊர்களில் வீட்டுச் சுவர்களில் வெள்ளம் ஏறிய உயரத்தை வருடத்தோடு செதுக்கியிருந்தார்கள். ஒரு கோடு அவருடைய தலைக்கு மேலே இருந்தது. அதை எட்டித் தொட்டுப் பார்த்தார். "இவ்வளவு வந்தும் இந்தச் சனம் இடத்தை விட்டுப் போகேல்லைப் பாரடி."

ஐந்தாம் நாள், கோட்டைக்கு ஏறும் பாதையில் சைக்கிளை நிறுத்தி இடது தோளைப் பிடித்தார். நெற்றி வியர்த்திருந்தது. "வாயுவடி. காலமை திண்ட சீஸ்." நான் சிரித்தேன். அதே கடையில் நின்றவள்தான் நானும்.

"டொக்டரிட்டைக் காட்டுங்கோவன் அக்கா."

"ஓம், லண்டன் போய்ப் பாப்பம். இவருக்குச் சொல்லிப்போடாதை. உடனை திரும்பி வா எண்டுவார்."

நான் சொல்லவில்லை.

அன்றே மோர்டனில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வீடு நிறைய ஆட்கள். யோகன் அண்ணை என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டார். "அங்கை ஏதும் நோகுதெண்டு சொன்னவளோ?" இல்லை என்று சொல்லியிருக்கலாம். எல்லாவற்றையும் சொன்னேன்.

"வந்து மூண்டாம் நாள் என்னட்டையும் வாயு எண்டுதான் சொன்னவள். நான்தான் சோடா உடைச்சுக் குடுத்தனான்."

கேத்தல் கொதித்து நின்றது. யாரும் தேநீர் ஊற்றவில்லை.

இதை எழுதும்போதும் என்னால் நம்பமுடியவில்லை. மன்னிப்பு யாரிடம் கேட்பதென்றும் தெரியவில்லை. பயணத்தின் முதல் நாளை மட்டும் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். ஆற்றைக் கடக்கும் ஒடுங்கிய பாலம். பக்கத்தில் லொறிகள். நான் இறங்கி நின்று, ஏலாது என்றேன். அக்கா விடவில்லை. "ஏறு. நான் பின்னாலை மணி அடிச்சுக்கொண்டு வாறன். திரும்பிப் பாராதை, சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஓடு."

பாலம் முடியும்வரை நிறுத்தாமல் அடித்தார். எதிரே நடந்து வந்தவர்கள் ஒதுங்கி நின்று சிரித்தார்கள். அந்த மணிச் சத்தத்தை நான் வைத்துக்கொள்கிறேன்.