நரம்பு லேகியமும் நாக்கு மாத்திரையும்

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே ஓடும் தனியார் பஸ் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாகக் கண்டக்டராக இருக்கிறேன். சீட்டு முதுகில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்களைக் காசால் சுரண்டி எடுப்பது என் காலை வேலைகளில் ஒன்று. 'நரம்புத் தளர்ச்சியா? கவலை வேண்டாம்' என்று ஆரம்பிக்கும். மாதத்தில் எந்தத் தேதியில் எந்த லாட்ஜில் வைத்தியர் இருப்பார் என்று முடியும். சுரண்டிக்கொண்டே டிரைவரோடு சேர்ந்து சிரிப்பேன்.

அப்படிச் சிரித்தவன்தான் இதை எழுதுகிறேன். அந்த ஸ்டிக்கரை யாரும் பார்க்காதபோது திருட்டுத்தனமாகப் படிக்கிற ஆண்களுக்காக எழுதுகிறேன். படிக்க அருவருப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதுகிற எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

என் நோயின் முதல் அறிகுறி நெஞ்சில் தெரியவில்லை. சர்க்கரை வந்து ஏழாவது வருடத்தில், ஐம்பத்தொரு வயதில், எனக்கு விறைப்புக் குறைபாடு (உறவின்போது ஆணுறுப்பு விறைக்காமல், விறைத்தாலும் நிலைக்காமல் போவது) ஆரம்பித்தது. களைப்பு என்றேன். உடம்புச் சூடு என்றேன். அப்புறம் வயசு என்றேன். நாலு மாதம் இப்படியே ஓடியது. என் மனைவி கஸ்தூரி படுக்கப் போனால் நான் டி.வி. முன்னால் உட்கார்ந்துகொள்வேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை.

சர்க்கரை டாக்டர் மாதாமாதம் கேட்பார், "வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?" பக்கத்தில் நர்ஸ் நிற்பாள், வாசலில் அடுத்த ஆள் எட்டிப் பார்ப்பான். கால் எரிச்சலைச் சொல்வேன். மற்றதைச் சொல்ல மாட்டேன். நாற்பது பேர் இரைச்சலுக்கு மேல் 'விக்கிரவாண்டி எறங்கு' என்று கத்துகிற தொண்டைக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

மருந்துக் கடைக்கும் போனேன். திண்டிவனத்தில் எல்லாக் கடைக்காரருக்கும் என்னைத் தெரியும் என்பதால் விழுப்புரம் போனேன். விறைப்புக்கான மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. அந்தக் கடைக்காரர் சீட்டைக் கேட்கவே இல்லை. ஒரு இளிப்போடு, "நூறா, அம்பதா?" என்று மாத்திரையின் மில்லிகிராம் அளவைக் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார். பின்னால் ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். நான் இருமல் மருந்து வாங்கிக்கொண்டு வந்தேன். இருமலே இல்லாதவன் அதை என்ன செய்வது? பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கினேன்.

கடைசியில் எந்த ஸ்டிக்கரைச் சுரண்டினேனோ அதன் லாட்ஜுக்கே போனேன். மாடிப்படியில் பினாயிலும் மூத்திரமும் சேர்ந்து நாறியது. வராந்தாவில் மூன்று பேர் போனில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தினமும் என் பஸ்ஸில் கூட்டேரிப்பட்டில் ஏறுகிறவர். அவர் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவரைப் பார்க்கவில்லை.

உள்ளே ஜன்னல் கம்பியில் ஈர லுங்கி காய்ந்துகொண்டிருந்தது. வைத்தியர் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து என் நாடியைப் பிடித்தார். "கல்யாணத்துக்கு முந்தி கைப்பழக்கம் இருந்துச்சா?" என்றார். மகளைக் கட்டிக்கொடுத்தவன் நான். தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. "அதான் நரம்பெல்லாம் செத்துக் கெடக்குது" என்று சொல்லி, ஒரு வாளியிலிருந்து கறுப்பான லேகியத்தை வெறும் விரலால் வழித்துப் பச்சை மூடி போட்ட டப்பாவில் அடைத்தார். நகக்கண்ணில் அழுக்கு. மிச்சத்தை மெத்தை விரிப்பில் துடைத்தார்.

"சுத்தமான மூலிகைங்க. சைடு எஃபெக்ட்டே கிடையாது. காலைல சாயந்தரம் நெல்லிக்காய் அளவு, பால்ல."

டப்பாவில் பெயர் இல்லை, தேதி இல்லை, செய்தவன் விலாசம் இல்லை. தேதி கிழிந்த பாஸைக்கூட ஏற்காதவன் நான். அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

கஸ்தூரியிடம், "நரம்பு லேகியம், கால் எரிச்சலுக்கு" என்றேன். சர்க்கரைக்காரர்களுக்கு நரம்பு மாத்திரை (பாத எரிச்சலுக்கும் மரத்துப்போவதற்கும் தருவது) சகஜம் என்பதால் அவள் நம்பினாள். அன்றிலிருந்து வேளை தவறாமல் அவளே பாலில் கரைத்துக் கொடுத்தாள்.

லேகியம் வேலை செய்தது. ஒரு மணி நேரத்தில் செய்தது. மூலிகை அப்படிச் செய்யுமா என்று எனக்கு ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. முகம் ஜிவ்வென்று சூடாகும், மூக்கடைக்கும், தலை இடிக்கும். வைத்தியருக்குப் போன் செய்தால், "அது வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்பார். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை என்று ஊரார் சொல்வார்களே, அந்த வேட்டி என்னுடையது.

இரண்டாவது வாரம், எனக்கு டூட்டி இல்லாத ஒரு நாள். பத்து மணிக்கு என் மகளின் மாமனார், ஒலக்கூர் சம்பந்தி, பலாப்பழத்தோடு வந்தார். மூன்று வருடத்துக்கு முன் இதய அடைப்புக்கு ஸ்டென்ட் (அடைப்பை விரித்துப் பிடிக்கும் சிறு வலைக்குழாய்) வைத்துக்கொண்டவர். நெஞ்சு வலித்தால் வைத்துக்கொள்ள நாக்கடி மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்திருப்பார். நான் குளித்துவிட்டு வந்து பேசிக்கொண்டிருக்கும்போது இடது தோளிலிருந்து தாடை வரை யாரோ இறுக்கிப் பிடித்த மாதிரி இருந்தது. வாயு என்று சோடா குடித்தேன். வேர்த்துக் கொட்டியது.

சம்பந்தி சட்டைப்பையில் வைத்த கையை மாத்திரை எடுக்காமலே வெளியே எடுத்தார். "டாக்டர் கேக்காம இத்த யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க. ஆட்டோ கூப்புடும்மா, ஜல்தி" என்றார்.

பக்கத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோம். ஈ.சி.ஜி. (இதயத்துடிப்பின் மின்பதிவு) எடுத்த டாக்டர் மாரடைப்பு என்றார். "சுகர் மாத்திரை தவிர வேற எதனா சாப்பிடுறாரா?"

"நரம்பு லேகியம் சாப்புடறாருங்க. கால் எரிச்சலுக்கு" என்றாள் கஸ்தூரி.

டாக்டர் என்னைப் பார்த்தார். "அவ்ளோதானா? வேற ஒண்ணும் இல்லையே?"

கட்டிலின் கால்மாட்டில் சம்பந்தி நின்றிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் சுவரைப் பார்த்தார். "வேற ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

அதற்குப் பிறகுதான் டாக்டர் நாக்குக்கு அடியில் நைட்ரேட் மாத்திரை (ரத்தக் குழாயைச் சட்டென்று விரித்து நெஞ்சு வலியைக் குறைப்பது) வைத்தார். அவர் செய்தது சரி. அவருக்கு நான் கொடுத்த தகவல்தான் பொய். சில நிமிடங்களில் மின்விசிறி தூரமாகப் போனது. "பிரஷர் அறுவது... கால தூக்குங்க" என்று யாரோ கத்தினார்கள். உடம்பில் இருந்த ரத்தமெல்லாம் பாதத்தின் வழியாகத் தரையில் இறங்குகிற மாதிரி இருந்தது. பலாச்சுளையும் லேகியமும் சேர்ந்து வாந்தியாக வந்தன. அந்த வாசனையைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன்.

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். கண்ணைத் திறக்க முடியவில்லை. ஆனால் வேகத்தடை, வளைவு, பாலம் எல்லாவற்றையும் முதுகு சொல்லியது. இது கூட்டேரிப்பட்டு. இது டோல்கேட். இது விக்கிரவாண்டி. இருபத்திரண்டு வருடம் நின்றுகொண்டே போன ரோட்டில் அன்றைக்குத்தான் படுத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு ஸ்டாப்பிலும், 'இப்போதாவது சொல்லித் தொலை' என்று உள்ளுக்குள் குரல் கேட்டது. பக்கத்தில் கஸ்தூரி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை.

அங்கே இருந்த டாக்டர் என் மகள் வயசுப் பெண். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் கஸ்தூரியையும் நர்ஸையும் வெளியே அனுப்பித் திரையை இழுத்து மூடினார். என் காதருகே குனிந்தார்.

"அப்பா, விறைப்புக்கு ஏதாவது மருந்து சாப்பிட்டீங்களா? வெட்கப்பட நேரமில்ல. சொன்னாத்தான் உங்களைக் காப்பாத்த முடியும்."

அந்த வார்த்தையை அவர் 'காய்ச்சல்' என்கிற மாதிரி சொன்னார். நான் அழுதுகொண்டே, "லேகியம்... லாட்ஜுல..." என்றேன். எத்தனை மணிக்குச் சாப்பிட்டேன் என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆஞ்சியோகிராம் (இதய ரத்தக் குழாயில் சாயம் செலுத்திப் படம் எடுப்பது) செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். மறுநாள் அவர் விளக்கினார். "இந்த மாதிரி லேகியத்துல விறைப்புக்கான இங்கிலீஷ் மாத்திரையைப் பொடி பண்ணிக் கலந்து விக்கிறாங்க. உங்க டப்பாவுல என்ன, எவ்வளவுன்னு லேப்ல பாத்தாத்தான் தெரியும். ஆனா பிரஷர் விழுந்த விதம் அதைத்தான் சொல்லுது. அந்த மாத்திரையும் நைட்ரேட்டும் உடம்புல ஒண்ணா சேரவே கூடாது. எந்த மாத்திரைங்கிறதைப் பொறுத்து ஒரு நாள், ரெண்டு நாள் இடைவெளி வேணும். பேரே இல்லாத மருந்துக்கு நாங்க எதை வச்சுக் கணக்குப் போடுறது?"

இன்னொன்றும் சொன்னார். அந்தரங்க உறுப்பின் ரத்தக் குழாய் இதயத்தினுடையதைவிடச் சின்னது என்பதால் அடைப்பு பல சமயம் முதலில் அங்கேதான் தெரியுமாம். அதாவது நாலைந்து மாதம் முன்பே என் உடம்பு எனக்கு ஸ்டாப் பெயரைக் கத்திச் சொல்லியிருக்கிறது. நான்தான் தூங்குகிற மாதிரி நடித்திருக்கிறேன். சர்க்கரை டாக்டரிடம் ஒரு வரி சொல்லியிருந்தால் அப்போதே இதயத்தைப் பார்த்திருப்பார்கள்.

கஸ்தூரியிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினேன். "நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லணும்" என்றார். தள்ளிப் போட்டேன்.

மூன்றாம் நாள் காலை கஸ்தூரி கஞ்சி ஊட்டிக்கொண்டே பேசினாள். "அன்னிக்கு கால் எரியுதுன்னு சொன்னீங்களேன்னு லேகியத்த கொஞ்சம் தூக்கலாவே கரைச்சுக் குடுத்தேன். அப்படியும் இப்படி ஆயிடுச்சே."

அடுத்த ஸ்பூனை நீட்டிக்கொண்டே மேலும் சொன்னாள்.

"ஒலக்கூர் அண்ணனுக்கும் கால் எரியுதாம். நீங்க குளிச்சிக்கினு இருந்தப்போ பாதிய ஒரு டப்பாவுல போட்டுக் குடுத்தேன். பாவம், சந்தோசமா வாங்கி பையில வச்சிக்கினாரு."

சட்டைப்பையில் நாக்கடி மாத்திரை, தோள்பையில் லேகியம். இரண்டையும் சுமந்துகொண்டுதான் அந்த மனிதர் என் கட்டிலடியில் நின்றிருக்கிறார். இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் கொலைகாரன்.

"கஸ்தூரி, அது கால் எரிச்சலுக்கு இல்ல" என்றேன். எதற்கு என்றும், எது எதோடு சேர்ந்து என்னை விழவைத்தது என்றும் சொன்னேன். அவள் ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"நான் எப்பனா கேட்டனா?" என்றாள். "அது வோணும்னு உன்கிட்ட எப்பனா கேட்டனாய்யா? என் கையாலயே வெசத்தக் கரைச்சு ஊத்த வச்சிட்டியே. என் வாயாலயே டாக்டருக்குப் பொய் சொல்ல வச்சிட்டியே. தூ!"

அவள் நிஜமாகத் துப்பவில்லை. ஆனால் என் முகம் ஈரமான மாதிரி இருந்தது. அவளே போனை எடுத்து ஒலக்கூருக்குப் போட்டு என் காதில் வைத்தாள்.

"சம்பந்தி, அந்த லேகியத்தச் சாப்டீங்களா?"

"காலைல ஒரு வாய் போட்டேன். ஏன்?"

"அது ஆம்பளத்தனத்துக்கு. இங்கிலீஷ் மாத்திரை கலந்துகீது. உங்க நாக்கு மாத்திரையோட சேந்தா உசுரு போயிடும். அதான் எனக்கு ஆச்சு." வார்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். டிக்கெட் கேட்கிற குரல் தானாகவே வந்திருந்தது.

சம்பந்தி மெதுவாகச் சொன்னார். "அது இன்னாத்துக்குன்னு எனக்குத் தெரியும் சம்பந்தி. தங்கச்சி குடுத்தப்பவே மூடியத் தொறந்து பாத்தேன், வாசனையே சொல்லிச்சு. அந்த லாட்ஜு படிய நானும் ஏறி எறங்கினவன்தான். உசுருக்கு ஆபத்துன்னுதான் தெரியாது."

அப்படியென்றால் நர்சிங் ஹோமில் அந்த டாக்டர் கேட்டபோது, பதில் தெரிந்த இரண்டு ஆண்கள் அங்கே இருந்திருக்கிறோம். ஒருவன் கட்டிலில், ஒருவன் கால்மாட்டில். இருவருமே வாயைத் திறக்கவில்லை. ஒன்றும் தெரியாத ஒருத்தி மட்டும் தனக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தாள். கருமம் பிடித்த மானம்!

கஸ்தூரி போனைப் பிடுங்கினாள். "அண்ணே, நெஞ்சு வலிச்சாலும் இப்ப அந்த மாத்திரையத் தொடாதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. உங்க புள்ளயக் கூட்டிக்கினு போய் நடந்தத டாக்டர்கிட்ட சொல்லுங்க. நீங்க சொல்லலைன்னா நான் போன் பண்ணி சொல்லுவேன்." சம்பந்தி அன்றே போனார். நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. அவர் இருக்கிறார். நானும் இருக்கிறேன்.

இப்போது பாதி நாள் டூட்டி. முன்பெல்லாம் என் நேரம் டிரிப் டிரிப்பாகப் போகும். இப்போது மருந்து நேரமாகப் போகிறது. கூட்டத்தில் நிற்கும்போது விரல் தானாக மணிக்கட்டு நாடியைத் தேடுகிறது. விறைப்புக் குறைபாடு அப்படியேதான் இருக்கிறது. இதயம் தேறிய பிறகு, நாக்கடி மாத்திரை தேவைப்படாதவர்களுக்கு, பரிசோதித்து, அளவு எழுதி, முறையான மாத்திரை தர முடியும் என்கிறார் டாக்டர். மாத்திரை மேல் குற்றமில்லை. இருட்டில் வாங்கியதுதான் குற்றம். அந்த முறையான மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் சத்தமாகவே கேட்டேன். வரிசையில் பின்னால் நின்றவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் கேட்டிருந்தால் நல்லது.

கஸ்தூரி பேசுகிறாள், சிரிக்கவும் செய்கிறாள். ஆனால் மருந்து கொடுக்கும் முறையை மாற்றிவிட்டாள். தினமும் காலையில் மாத்திரைகளை உள்ளங்கையில் மூடிக்கொண்டு என் முன்னால் உட்காருவாள். ஒவ்வொன்றாக எடுத்து, "இது இன்னாத்துக்கு?" என்பாள். நான் அவள் கண்ணைப் பார்த்துச் சொல்லி முடிக்கும்வரை அதை என் கையில் போட மாட்டாள்.