மாடி அக்காவுக்குப் போர்த்திய பொன்னாடை

எங்கள் வீட்டில் கோபம் வந்தால் முதலில் ஏறுவது டி.வி.யின் சத்தம்தான். அந்த வாரம் அது இறங்கவே இல்லை. ஏதோ ஒரு கூட்டத்தில் பேசிய அரசியல்வாதி, வடகிழக்கு மாநிலத்து மக்களின் முகத்தைக் கேலி செய்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அந்த வார்த்தை வரும் இடத்தில் 'பீப்' போட்டு நாள் முழுக்க அதையே காட்டினார்கள். பள்ளிக்கூட வாத்தியாரான அப்பா ஒவ்வொரு பீப்புக்கும் ஒரு தடவை கொதித்தார். கீழ்க்கட்டளையில் எங்கள் தெருவுக்கே அது கேட்டது. மாடிக்கும் கேட்டிருக்கும்.

மாடியில் குடியிருந்தவர் மிசோரம் அக்கா. நர்ஸ் வேலை. எனக்கு அப்போது பத்து வயது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வேதக்கோயிலில், பின்னாலிருந்து மூன்றாவது பெஞ்சில் என் பக்கத்தில்தான் உட்காருவார். தமிழ்ப் பாட்டுகளை இங்கிலீஷ் எழுத்தில் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். எந்த வரி ஓடுகிறது என்று விரலால் காட்டுவது என் வேலை. வேண்டுமென்றே ஒரு வரி தள்ளிக் காட்டுவேன், கிள்ளுவார். பிரசங்கம் நீண்டால் என் உள்ளங்கையில் பேனாவால் பூனை வரைவார். அந்தப் பிரசங்கம் அவருக்குப் பாதிகூடப் புரியாது.

"அப்புறம் ஏன்க்கா எங்க சர்ச்சுக்கு வர்றீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பஸ்ல எல்லாரும் என்னைப் பாக்குது பாப்பா. இங்க எல்லாரும் முன்னாடி பாக்குது."

"பாக்கறாங்க" என்று திருத்தினேன். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது.

அந்த வாரம் அப்பாவிடம், "நம்ம அக்காவையா அப்படிச் சொன்னாங்க?" என்று கேட்டேன். அப்பா டி.வி.யை அணைத்தார். "சும்மா இருக்கக் கூடாது. நாம ஏதாவது செய்யணும்" என்றார். என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை. நான்தான் சொன்னேன், பொன்னாடை போர்த்தலாம் என்று. பள்ளி ஆண்டு விழாவில் பார்த்த ஞாபகம். ஒருவரை என்ன செய்வதென்று புரியாவிட்டால் நாம் பொன்னாடைதானே போர்த்துவோம்! அப்பா என்னைத் தூக்கிச் சுற்றாத குறை.

எங்கள் சர்ச்சின் பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளரான அத்தை, என்னைக் கூட்டிக்கொண்டு தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனார். "கட்சிக்காரங்கல்லாம் இத்தத்தான் வாங்கினு போறாங்கோ" என்று கடைக்காரர் எடுத்துப் போட்ட சிவப்புப் பொன்னாடை அத்தைக்கு உடனே பிடித்துவிட்டது. அக்காவிடம் மூச்சு விடக் கூடாது என்று எனக்கு உத்தரவு. நானும் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆயர் அந்தப் பேச்சை வன்மையாகக் கண்டித்தார். பிறகு, "நம் நடுவில் இருக்கும் அந்த அருமைச் சகோதரி எழுந்து நிற்கட்டும்" என்றார். கோயில் முழுக்கத் திரும்பியது. அக்கா தனக்குப் பின்னால் யார் என்று பார்த்தார். "உங்களத்தான்க்கா" என்று இடித்துவிட்டு, பொன்னாடை வைத்திருந்த தட்டை எடுக்க ஓடினேன். அத்தை போர்த்தினார். கைதட்டல் அடங்கவே இல்லை. எல்லாக் கையிலும் செல்போன். அக்கா நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அடையாள அட்டைப் படத்துக்குச் சிரிப்பதைப் போலச் சிரித்தார். கண் கலங்கியிருந்தது. சந்தோஷம்தான் என்று நினைத்து நான் இன்னும் பலமாகத் தட்டினேன்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. "டூட்டி பாப்பா" என்றார். அதற்கடுத்த வாரமும் டூட்டி. பாட்டுப் புத்தகத்தில் விரல் வைத்தபடி தனியாக உட்கார்ந்திருந்தேன். மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்து, வேலைக்குப் பக்கம் என்று கேளம்பாக்கத்துக்குப் போய்விட்டார். மாடி அலமாரியில் பொன்னாடை மடிப்புக் கலையாமல் இருந்தது. "மறந்துட்டுப் போயிட்டா" என்றார் அம்மா. நான் அந்த நோட்டைத் தேடினேன். அதை அவர் மறக்கவில்லை.

இப்போதும் அரசியல்வாதி யாராவது அப்படி ஒன்றைப் பேசுகிறார். கண்டித்து எழுதுபவர்களில் நானும் ஒருத்தி. எழுதி முடித்ததும் உள்ளங்கை வெறுமையாகத் தெரியும். யாரும் திரும்பிப் பார்க்காத ஒரே ஓர் இடம் அவருக்கு இருந்தது. அதையும் பிடுங்கிவிட்டுத்தான் கைதட்டினேன் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.

கேளம்பாக்கம் பஸ்ஸில் பின்னாலிருந்து எப்போதாவது அந்தக் குரல் போல ஒன்று கேட்கும். அவராக இருந்தால் போதும் என்று மனசு அடித்துக்கொள்ளும். திரும்பாமல் முன்னாடியே பார்த்துக்கொண்டு வருகிறேன்.