முகமூடிக்குள் இருந்தவர்

உதவி இயக்குநர் என்பவர் படத்தில் எங்கேயும் தெரியமாட்டார். படத்தில் எது தப்பாகத் தெரிந்தாலும் திட்டு மட்டும் அவருக்கு வந்து சேரும். ஏதாவது ஓர் ஆபீசில், ஏதாவது ஒரு முதலாளியிடம் நாலு வருஷம் தள்ளியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நாமெல்லாம் ஒரே ஜாதி.

நான் வேலை பார்த்த படத்தின் பெயர் ‘கடைசிக் கரும்பு’. காணும் பொங்கலுக்கு மாமல்லபுரம் வரும் ஆறு நண்பர்களை, திருஷ்டி பொம்மை முகமூடி போட்ட ஒருவன் கரும்பு வெட்டும் கத்தியால் ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுகிறான். சிரிக்காதீர்கள், எட்டு மாதம் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு எடுத்தோம். தியேட்டரே கிடைக்காமல் நேராக வீட்டு டிவிக்கு வந்த படம் அது.

உயரம் மட்டும் போதும்

கொலைகாரனாக நடித்தவர் தயாளன் அண்ணன். கூடுவாஞ்சேரியிலிருந்து சிறுசேரிக்கு சாஃப்ட்வேர் ஆட்களை ஏற்றிப்போகும் வேன் டிரைவர். எங்கள் கேமராமேன் பாபுவை இறக்கிவிட வந்தவர், ஆபீஸ் வாசலில் தலை இடிக்காமல் இருக்கக் குனிந்தார். அவ்வளவுதான், டைரக்டருக்குக் கொலைகாரன் கிடைத்துவிட்டான்.

அண்ணன் கேட்ட ஒரே கேள்வி, “மூஞ்சி தெரியுமா சார்?” என்பதுதான். மனைவி மல்லிகாவுக்கு சினிமா என்றால் உயிராம். கல்யாணமாகி இருபது வருஷமாகியும் அவருக்கென்று எதுவுமே செய்யவில்லை என்ற குறை அண்ணனுக்கு. ஒரு நாள் டிவியில் திடீரென்று தன் முகம் வர வேண்டும், மல்லிகா வாயைப் பிளக்க வேண்டும், அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இதுதான் ஆசை. கடைசி சீனில் முகமூடியைக் கழற்றுவோம், முழுத்திரையிலும் நீங்கள்தான் என்று டைரக்டர் அடித்துச் சொன்னார். அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது.

“அப்ப சரி சார், அதுவரைக்கும் எத்தினி பேர வேணா வெட்டறேன்.”

மோர்

கூட்டத்துக்கென்று ஆள் பிடித்துச் சோறு போட எங்களுக்கு வசதியில்லை. அதனால் காணும் பொங்கலன்றே கடற்கரைக்குப் போனோம். புளியோதரைத் தூக்கோடும் பாயோடும் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்த கூட்டத்தின் நடுவே கொலைகாரன் நடந்து வர வேண்டும். நாக்கைத் துருத்திக்கொண்டு, முட்டைக் கண்ணோடு, சட்டையெல்லாம் ரத்தமாக வந்தார். ஒருவர்கூடப் பயப்படவில்லை. குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏழெட்டுப் பேர் செல்ஃபி எடுத்தார்கள்.

முகமூடியில் கண்ணுக்கு மட்டும்தான் ஓட்டை போட்டிருந்தோம், மூக்குக்கு விட்டுப்போயிற்று. அவர் மூச்சு வாங்குவதைப் பார்த்த ஓர் அம்மா, ஷாட் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு சொம்பு மோரை நீட்டிவிட்டார். அண்ணனும் மரியாதைக்கு முகமூடியை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டு, கடகடவென்று குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு நேராக கேமராவைப் பார்த்துச் சிரித்தார். டைரக்டர் கட் கட் என்று கத்தினார். அந்த அம்மா அவரைத்தான் முறைத்தார்.

“மூஞ்சி இம்மாம் லட்சணமா கீது, இதப் போயி இன்னாத்துக்குய்யா மூடி வெச்சிக்கினு கீறீங்க?”

இரண்டே கார்டு

எங்களிடம் இருந்தது இரண்டு மெமரி கார்டும், கிட்டத்தட்ட நிரம்பிவிட்ட ஒரு ஹார்ட் டிஸ்க்கும். ஆகவே சாயங்காலம் ஷூட்டிங் முடிந்ததும் உட்கார்ந்து, நல்ல ஷாட்டுகளை மட்டும் டிஸ்க்கில் ஏற்றிவிட்டு, கெட்டுப்போன என்.ஜி. ஷாட்டுகளை அழித்துவிட வேண்டும். அழிக்கிற வேலை என்னுடையது. பெரிய படக் கம்பெனியில் இப்படிச் செய்தால் கையை உடைப்பார்கள். எங்களுக்கு வேறு வழியில்லை.

மோர் குடிக்கும் ஷாட்டை ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன். சிரிப்பு நன்றாகத்தான் இருந்தது. ரிப்போர்ட் தாளில் ‘என்.ஜி., முகம் தெரிகிறது’ என்று முத்து முத்தாக எழுதிவிட்டு அழித்தேன். பாபு பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

“ரெண்டு நிமிசத்துக்கு எடம் கெடச்சுதே, வுடு மச்சான்.”

ஷேவிங்

கடைசி சீன் எடுக்கும் நாளன்று அண்ணன் மழமழவென்று ஷேவ் செய்து, மீசைக்கு மை போட்டு, லேசாகப் பவுடரும் பூசி வந்திருந்தார். முகமூடியைக் கழற்றும் இடம் வந்தது. டைரக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, கழற்ற வேண்டாம், ரெண்டாம் பாகத்துக்கு சஸ்பென்ஸ் வேண்டும் என்றார். முதல் பாகத்துக்கே வழியைக் காணோம்! நான் வாய் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும்.

அண்ணன் கோபப்படவில்லை. முகமூடியோடு செத்துவிட்டு எழுந்து, மணலைத் தட்டிக்கொண்டு வேனில் ஏறினார். கிளம்பும்போது அவருக்கு ஒரு பழக்கம். கையைத் தோளுக்கு மேலே தூக்குவார், ஆட்டமாட்டார், விரல்களை மட்டும் ஒரு தரம் மூடித் திறப்பார். அன்றைக்கும் அப்படிச் செய்துவிட்டு என்னைப் பார்த்து ஒன்று சொன்னார். அந்த ஷாட்டை அழித்துவிட்டேன் என்று சொல்லாமல், தலையை மட்டும் ஆட்டினேன்.

“அந்த மோரு குடிச்சது கீதுல்ல தம்பி, அது போதும். மல்லிகாட்ட சொல்லிட்டேன்.”

செங்கல் மேல் நான்

எடிட்டிங்கில் ஒரு ஷாட் குறைந்தது. கேளம்பாக்கத்தில் பாதி கட்டி நின்ற ஒரு ஃபிளாட்டின் பால்கனியில் கொலைகாரன் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அன்று அண்ணனுக்கு வேன் டியூட்டி. முகமூடியை என் தலையில் மாட்டி, காலுக்கு அடியில் நாலு செங்கல் வைத்து நிறுத்தினார்கள்.

சும்மா நிற்காதே, ஏதாவது செய் என்று கீழேயிருந்து சத்தம் வந்தது. எனக்கு நடிக்கத் தெரியாது. அந்த அவசரத்தில் அண்ணன் ஞாபகம்தான் வந்தது. கையைத் தூக்கி விரல்களை ஒரு தரம் மூடித் திறந்தேன். டைரக்டர் என்னைப் பாராட்டியது அந்த ஒரே தடவைதான்.

“வாழ்க்கைல நீ உருப்படியா செஞ்சது இதுதான்டா.”

மூன்று கேள்விக்குறி

அண்ணன் போய்விட்டார். காலையில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தாராம், எழுந்திருக்கவில்லை. நாற்பத்தாறு வயது. சாவுக்குப் போய்விட்டு முகத்தைப் பார்க்காமலே திரும்பிவிட்டேன்.

அதற்கப்புறம்தான் ஒரு சின்ன ஆப் எங்கள் படத்தை வாங்கி, பொங்கல் வாரத்தில் வீட்டு டிவிகளில் விட்டது. நடிகர் பட்டியலைப் பார்த்தேன். ‘கொலைகாரன்’ என்பதற்கு எதிரே மூன்று கேள்விக்குறி போட்டிருந்தது. அதுவும் சஸ்பென்ஸாம். முகத்தை நான் அழித்தேன், பெயரை இவர்கள் அழித்துவிட்டார்கள். பெயரையாவது போடுங்கள், ஆள் உயிரோடு இல்லை என்று ஆப் ஆபீசுக்கு போன் போட்டுக் கெஞ்சினேன். அந்தப் பக்கம் பேசிய பெண் உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

“சாரி சார், ஃபைல் லாக் ஆயிடுச்சு. ரெண்டாம் பாகத்துல போட்டுக்கோங்களேன்.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

மல்லிகா அண்ணி போன் செய்து, தனியாகப் பார்க்க மனசு வரவில்லை, வாங்க தம்பி என்றார். கூடுவாஞ்சேரியில் ரயில் சத்தம் கேட்கும் வீடு. எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று போனேன். டிவிக்கு எதிரே இரண்டு நாற்காலி போட்டிருந்தார். ஒன்றில் என்னை உட்காரச் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். மற்றதில் யாரும் உட்காரவில்லை.

அண்ணன் நடந்தார், ஓடினார், வெட்டினார். ஒவ்வொரு தடவையும் அண்ணி சந்தேகமாக, “இதுவா அவரு? இன்னாவோ மாதிரி நடக்கறாரே?” என்றார். ஆமாம் அண்ணி, அவர்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கடற்கரை வந்தபோது முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். மோர் வரவில்லை. கடற்கரை முடிந்துவிட்டது. அப்புறம் அந்த பால்கனி வந்தது. முகமூடி கையைத் தூக்கி, விரல்களை மூடித் திறந்தது. அண்ணி ரிமோட்டைத் தேடி எடுத்து, படத்தை நிறுத்தினார். சத்தமே வராமல் அழுதார். பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தார், மறுபடியும் பார்த்தார்.

என்னால் உட்கார முடியவில்லை. “மோர் குடிச்ச ஷாட்டை நான்தான் அழிச்சேன் அண்ணி. முகம் அது ஒண்ணுலதான் இருந்தது. மன்னிச்சிடுங்க” என்றேன். பால்கனியைப் பற்றியும் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்குக் காபி போட எழுந்தார். உள்ளே போகுமுன் நின்றுபோயிருந்த திரையை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

“வுடு தம்பி, மூஞ்சிய எந்தக் கொம்பன் அழிச்சா இன்னா, டெய்லி வேலைக்குப் போறப்ப கேட்டாண்ட நின்னு எனக்கு இப்பிடித்தான் கை காட்டுவாரு.”

ஒரு மனிதரின் முகத்தை அழித்துவிட்டு, அவர் கையையும் இரவல் வாங்கிக்கொண்டு, அதற்கு அவர் வீட்டிலேயே ஒரு டம்ளர் காபியும் குடித்துவிட்டு வந்தவனுக்கு, படத்தின் முடிவில் எத்தனை கேள்விக்குறி போட்டாலும் தகும்.