மழை வந்தால் செருப்பு உள்ளே

ராமானுஜம் சாரை யாராவது "பாவம்" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பத்து வருஷமாக அவரோடு ஊர் ஊராக, அதாவது தேனாம்பேட்டை, தரமணி என்று, கூட்டத்துக்குக் கூட்டம் அலைகிறவள் நான். அவர் தன்னைப் பாவம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. வேறு எதையும்கூடச் சொன்னதில்லை.

அடையாற்றில், ஆற்றை ஒட்டிய தெரு எங்களுடையது. கீழ்வீட்டில் சாரும் அவர் மனைவி ஸ்வர்ணலதா மாமியும். மேலே நானும் என் வீட்டுக்காரர் அக்பர் பாஷாவும். சார் காலேஜில் கணக்கு சொல்லிக்கொடுத்து ரிட்டையர் ஆனவர். தண்ணீர் மோட்டாரைப் போட்டால்கூட மேலே ஏறி வந்து, "போட்டுட்டேன்மா" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். அப்படிப்பட்ட மனுஷன்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் மாமி போய்விட்டார். அந்த வீட்டுக்குள்ளேயே. மைலாப்பூரில் இருக்கும் மாமியின் தங்கை வீட்டுக்குப் போகலாம் என்று சார் ஆட்டோ தேடிப் போயிருந்தார். அதற்குள் ஆறு தெருவுக்குள் வந்துவிட்டது. மாமிக்கு முட்டி வலி, துணையில்லாமல் ஒரு படி ஏற மாட்டார். கரண்ட் இல்லை, மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் எப்போதோ கிளம்பிப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் மேலேயே இருந்தேன்.

ஒரு தட்டு தட்டியிருந்தால் போதும். மாமியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்திருப்போம். தினமும் மோட்டாருக்காக ஏறி வருகிறவர் அன்றைக்கு ஏன் வரவில்லை? எங்கள் வீட்டுக் கறி வாசனையா? முஸ்லிம் வீட்டில் போய்த் தங்குவதா என்ற தயக்கமா? கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. கோபம் மட்டும் உள்ளேயே கிடந்தது. கிடந்து கிடந்து மரத்துப்போயிற்று.

கொஞ்ச நாள் கழித்து சாரே மேலே வந்து ஒரு திட்டம் சொன்னார். ஒவ்வொரு கீழ்வீட்டுக்கும் ஒரு மாடி வீடு ஜோடி. மழை எச்சரிக்கை வந்ததுமே கீழ்வீட்டுக்காரர்கள் மேலே போய்விட வேண்டும், யாரும் கூப்பிடக் காத்திருக்கக் கூடாது. மாடி வீட்டுக்காரர்கள் அவர்களுக்கு இடம் ஒதுக்கி வைக்க வேண்டும். மூன்றாவதாக, மழை நாளில் மாடி வீட்டுக்காரர்கள் வாசலில் செருப்பை விடக் கூடாது, உள்ளே எடுத்து வைத்துவிட வேண்டும்.

"செருப்பு எதுக்கு சார்?" என்றேன்.

"தண்ணில அடிச்சுண்டு போயிடும்."

மாடிக்கு எந்தத் தண்ணீர் வரப்போகிறது? துக்கத்தில் இருக்கிறவர், என்னவோ சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் தெருவில் அது நன்றாக நடந்தது. பிறகு மற்ற இடங்களுக்கும் சொல்லப் போனோம். குடியிருப்போர் சங்கங்கள் கூடும் கூட்டங்களில் தி.நகர்க்காரர்கள் பம்ப் செட் பற்றிப் பேசுவார்கள், தரமணிக்காரர்கள் குளம் தூர் வாரியதைச் சொல்வார்கள். சார் எழுந்து, "எங்க தெருவுல ஒரு உயிர்ச்சேதம். அதுக்கப்புறம் இல்லை" என்று ஆரம்பிப்பார். யாருடைய உயிர் என்று சொல்ல மாட்டார். பஸ் நம்பர் சொல்கிற குரல். ஆரம்பத்தில் அதைக் கேட்டு நான் அழுதிருக்கிறேன். இப்போதெல்லாம் அந்த வரி வரும்போது டீ வருகிறதா என்று வாசலைப் பார்ப்பேன்.

போன மாதம் கே.கே. நகரில் கூட்டம். அந்த ஊர்ச் சங்கத்துத் தலைவர் சுப்புராயன் எங்கள் திட்டத்தை அப்படியே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

"எல்லாம் ஷோக்கா கீது சார். அந்த மூணாவது மட்டும் இன்னாத்துக்கு? செருப்பு ரூல்னா ஜனங்க சிரிச்சுக்கினு பூடுவாங்க. எடுத்துடலாமா?"

"எடுத்துடு நைனா," என்றேன் நான். "நானும் எத்தினியோ தபா சொல்லிட்டேன், கேட்டாத்தானே?"

"அதை எடுக்கப்படாது," என்றார் சார். அதே பஸ் நம்பர் குரல். "அன்னிக்கு நான் மேல போனேன். இவாத்து வாசல் பூரா செருப்பு. சைதாப்பேட்டைலேர்ந்து இவா மனுஷா எல்லாம் வந்திருக்கான்னு புரிஞ்சுது. ஏற்கெனவே அத்தனை பேர், நாங்களும் போய் நின்னா கஷ்டம்தானேன்னு தோணித்து. தட்டலை. அப்படியே எறங்கி ஆட்டோ பார்க்கப் போயிட்டேன். செத்துப்போனது என் ஆம்படையாள்."

சுப்புராயன், "இருக்கட்டும் சார், மூணாவது இருக்கட்டும்," என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. பத்து வருஷக் கோபத்தைத் தேடிப் பார்த்தேன், அதுவும் இல்லை. அந்தச் செருப்புகள்தான் ஞாபகம் வந்தன. வந்தது என் அக்கா ஆஃப்ரீனின் குடும்பம். அவளும் அவள் வீட்டுக்காரரும் பிள்ளைகளும், அவ்வளவுதான். தண்ணீருக்குப் பயந்து வீட்டிலிருந்த பழைய செருப்பு, ஸ்கூல் ஷூ, கல்யாணத்துக்குப் போடுகிற ஜோடி எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் கொட்டியிருந்தாள். "இத்தையா தூக்கினு வந்தே?" என்று நான்கூடத் திட்டினேன். எல்லோரும் ஹாலிலேயே படுத்துக்கொண்டார்கள். உள் ரூம் காலியாகக் கிடந்தது.

கூட்டம் முடிந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். சார் என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"ஜஹனாரா, அன்னிக்கு உங்காத்துல இடம் இருந்துதா?"

"ஏது சார் எடம்?" என்றேன். "கால் வைக்க எடமில்ல. ஒருத்தர் மேல ஒருத்தர் குந்திக்கினு இருந்தோம்."

"அப்போ சரி," என்றார். ஸ்டாப்புக்கு வந்ததும், "ஸ்வர்ணா கேட்டா. மேல இடம் இருக்கான்னு. இல்லேன்னு சொல்லிட்டுத்தான் போனேன்," என்றார்.

பஸ் வந்தது. நான் பெண்கள் சீட்டில் உட்கார்ந்தேன், அவர் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடையாறு வரும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை.