திருப்பாலைக்குடியில் டேப்லெட்டைத் திறந்தபோது

லேப்டாப்பைச் சுமந்து சுமந்து வலது தோள் போய்விட்டது. நான் ஃப்ரீலான்ஸாக எழுதிப் பிழைப்பவள். பாதி எழுத்து பஸ்ஸில்தான் நடக்கும். சுமை குறைய எதை வாங்கலாம் என்று கேட்டால் ஒரு தோழி சின்ன லேப்டாப் என்றாள், தங்கை டேப்லெட் என்றாள், கணவர் போனும் மடக்கு கீபோர்டும் போதும் என்றார். மூவருமே அடித்துச் சொன்னார்கள். எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்து ஓர் இணைய இதழ், கடற்கரை ஊர்களைப் பற்றி வாரம் ஒரு கட்டுரை தருவீர்களா என்று கேட்டது. மாதிரிக்கு ஒன்று, திங்கட்கிழமை மதியம் இரண்டு மணிக்குள். தங்கையின் டேப்லெட்டையும் என் போனையும் மடக்கு கீபோர்டையும் எடுத்துக்கொண்டு, அன்று விடியற்காலையிலேயே மதுரையில் இராமநாதபுரம் பஸ் ஏறினேன். இரண்டரை மணி நேரம். அங்கிருந்து தொண்டி பஸ். கடல் வேண்டுமென்றால் வலப்பக்கம் உட்காருங்கள் என்றார் நடத்துநர்.

பஸ்ஸில் டேப்லெட் மடியில் நிற்கவில்லை. போனுக்கு மாறினேன், ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஒரு சொல் தப்பாக விழுந்தது. திருப்பாலைக்குடியில் இறங்கிக் கரைக்குப் போனால், வெயிலில் இரண்டு திரையிலும் என் முகம்தான் தெரிந்தது. கடைசியில் மீன் ஏலம் போடும் கொட்டகையின் நிழலில் டேப்லெட் ஒழுங்காக வேலை செய்தது. இதுதான் என்று முடிவுகட்டினேன்.

பக்கத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் பேச்சுக்கொடுத்தேன். பெயர் நம்புத்தாய், ஐம்பது வயதிருக்கும். புயல்காற்றில் அவர்களுடைய வத்தை, அதாவது சின்னப் படகு, பாறையில் மோதி உடைந்த கதையைச் சொன்னார். கேட்கக் கேட்கத் தட்டச்சு செய்தேன். நடுவில் கேட்டார்:

"இந்தத் தடவ எம்பேரு விட்டுப்போகாதுல்ல மேடம்?"

கட்டுரையில் பெயர் வர ஆசைப்படுகிறார் என்று நினைத்தேன். விடமாட்டேன், கண்டிப்பாக எழுதுகிறேன் என்றேன். அவர் எழுந்து வீட்டுக்கு ஓடினார். திரும்பி வந்தபோது கையில் ஆதார் நகல், வங்கிப் புத்தகம், உடைந்த வத்தையின் புகைப்படம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. புயல் நிவாரணத்துக்குச் சேதக் கணக்கு எடுக்க வந்த அரசாங்க ஆட்களும் இப்படித்தான் ஒரு டேப்லெட்டோடு வந்திருக்கிறார்கள். அன்று இவர் மகளின் பேறுகாலத்துக்காகக் கீழக்கரை போயிருந்ததால் பட்டியலில் பெயர் விட்டுப்போயிருக்கிறது.

நான் யார் என்பதைச் சொன்னேன். அவர் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தார்.

"அப்ப எதுக்குத் தாயி இவ்வளவு நேரம் எழுதுனீக?"

பெயரைச் சேர்க்கச் சொல்லி மனு எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். அன்று கலெக்டர் ஆபீஸில் மனு வாங்கும் நாள். அவர் யோசித்து, "எழுதுங்க. ஆனா கூட வரணும்" என்றார்.

கொட்டகையிலேயே அடித்து முடித்தேன். அவரோடு இராமநாதபுரம் வந்து ஜெராக்ஸ் கடையில் அச்செடுக்கப் போனால், டேப்லெட்டில் சிம் இல்லை. போனிலிருந்து இணையத்தைப் பகிர்ந்து, அதன் கடைசிச் சார்ஜில் மனுவை அனுப்பினேன். கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்று மனுவைக் கொடுத்து, நம்புத்தாய் ரசீதைக் கையில் வாங்கியபோது மணி ஒன்றே முக்கால். போன் அணைந்துவிட்டது. பாதிக் கட்டுரை டேப்லெட்டிலேயே கிடந்தது. சாயங்காலம் இதழுக்கு எழுதியபோது வேறொருவரை எடுத்துவிட்டதாகப் பதில் வந்தது. இன்னும் வருத்தம்தான், வாரச் சம்பாத்தியம் அது.

போன வாரம் நம்புத்தாய் அழைத்தார். ஆட்கள் வந்து வத்தையைப் பார்த்துவிட்டுப் போனார்களாம். நிவாரணம் கிடைக்குமா என்பது அவருக்கும் தெரியவில்லை.

எதை வாங்குவது என்று கேட்டு வந்தவர்களுக்கு: பஸ்ஸில் போன், நிழலில் டேப்லெட், வெயிலில் எதுவுமே உதவாது. டேப்லெட் என்றால் சிம் போடுவதாகப் பாருங்கள், பவர்பேங்கை மறக்காதீர்கள். நான் இன்னும் எதையும் வாங்கவில்லை. ஆனால் எதைத் தூக்கிக்கொண்டு போனாலும், அதைத் திறப்பதற்கு முன்னால் நீங்கள் யார் என்று எதிரில் இருப்பவரிடம் சொல்லிவிடுங்கள். கையில் திரை வைத்திருப்பவர் கேட்கும் கேள்விக்குப் பின்னால் ஏதோ வரப்போகிறது என்று நம்பித்தான் இந்தக் கரையில் பதில் சொல்கிறார்கள்.