சாப்பாட்டுக்கு முன்னால் சாவு இல்லை

ஒன்பதடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கேப்டனுக்குக் கால் கெந்த ஆரம்பிக்கும். வீட்டிலிருந்து தபாலாபீஸ் முனை வரைக்கும் எல்லோரையும் போலத்தான் கைவீசி நடந்து வருவார். முனை திரும்பினால் சுற்றுலா பஸ் தெரியும். தெரிந்ததும் இடது கால் ஒரு பக்கம் சாயும், தோள் மறுபக்கம் சாயும். நாற்பது வருஷம் அலைமேல் நின்ற மனிதர் தரையில் நிற்கத் தெரியாமல் தவிப்பதைப் போல ஆடி ஆடி வருவார். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் அதற்குள் கைபேசியைத் தூக்கிவிடுவார்கள்.

கேப்டன் என்பது ஊர் மேம்பாட்டுக் குழு தொப்பியோடு சேர்த்துக் கொடுத்த பட்டம். ஊரார் கூப்பிடுவது "ஐஸ்கட்டி". துறையோரத்து ஐஸ் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் ஐஸ் உடைத்தவர். கடலுக்குப் போனது ஒரே ஒரு தடவை. பதினேழு வயதில், அண்ணனுடைய படகில். தடுப்புச்சுவரைத் தாண்டுவதற்குள் குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி. அண்ணன் ஒரு வார்த்தை திட்டவில்லை. படகைத் திருப்பிக் கொண்டுவந்து படித்துறையில் இறக்கிவிட்டு, "நீ கரையிலயே இருடா. யாராவது ஒருத்தன் கரையில இருக்கணும்ல" என்று சொல்லிவிட்டு மறுபடி போனார்.

ஊர் இப்போது தொன்மையான மீனவ கிராமம். நுழைவாயில் பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. மீன்பிடிப்பதைத் தவிர மற்றதெல்லாம் பார்வைக்கு உண்டு. சுவரில் தொங்கும் வலைகள் ஒரு நாளும் நனைந்ததில்லை. மழை வந்தால் ஆளனுப்பிச் சுருட்டி உள்ளே வைத்துவிடுவார்கள். சதுக்கத்து நங்கூரம் பழைய இரும்புக் கடையில் எடை போட்டு வாங்கியது. உண்மையில் கடலுக்குப் போகிற பதினோரு படகுகள் பெட்ரோல் பங்குக்குப் பின்னால், விடிவதற்கு முன்பே கரையேறிவிட வேண்டும் என்பது குழுவின் உத்தரவு. வருகிறவர்களின் வெள்ளைச் செருப்பில் செதில் ஒட்டக் கூடாதல்லவா. உணவகத்தில் கடல் தெரியும் ஜன்னலோரம் அமர்ந்து, லாரியில் ஐந்து மணி நேரம் பயணம் செய்து வந்த மீனைச் சாப்பிட்டு, "என்ன இருந்தாலும் கடற்கரை மீன் கடற்கரை மீன்தான்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஐஸ் கம்பெனிதான் இப்போது அருங்காட்சியகம். அதன் நடுக் கூடத்தில், கயிறு கட்டிய எல்லைக்குள், ஒரு முக்காலி இருக்கிறது. 'நூற்றாண்டு பழமையான மீனவர் இருக்கை, தொடாதீர்கள்.' அந்த முக்காலியைக் கேப்டனே பெட்டிப் பலகையில் அடித்துச் செய்து பதினெட்டு வருஷம் ஆகிறது. முழங்கால் வலிக்கிற நாளில் அதை ஆசையாகப் பார்ப்பார். ஒரு நாள் உட்கார்ந்தும்விட்டார். காவலாளி வந்து, "பெரியவரே, எழுதியிருக்கறது தெரியல?" என்று எழுப்பிவிட்டான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் உள்ளதை உள்ளபடியேதான் சொன்னார். கடைசி நிறுத்தம் படித்துறை. அங்கே நின்று, "என் அண்ணன் ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி இந்தப் படியில இறங்கித்தான் போனார். படகு கிடைச்சுது. அவர் கிடைக்கல" என்பார். இரண்டாவது வாரத்தில் ஒரு அம்மாள் அழுதுவிட்டார். அவர் குடும்பமே சாப்பிடாமல் பஸ்ஸில் ஏறிவிட்டது. குழுவின் செயலாளரம்மா கேப்டனைக் கூப்பிட்டனுப்பினார்.

"நல்லா சொல்றீங்க. ஆனா சாப்பாட்டுக்கு முன்னாடி யாரும் சாகக் கூடாது கேப்டன். மனசு நிறைஞ்சாத்தான் வயிறு பசிக்கும்."

"நடந்ததைத்தானே சொல்றேன்."

"நடந்தது நடந்து போச்சு. இவங்களுக்கு நடக்க வேண்டாம்."

சரியென்று கேப்டன் கதையில் அண்ணனை உயிரோடு கரையேற்றினார். வந்தவர்கள் சும்மா விடுவார்களா? "அந்த அண்ணன் எங்க இருக்கார்? ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்றார்கள். ஊரில் இல்லை என்றால் எந்த ஊர் என்றார்கள். ஒரு வாரம் சமாளித்துப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் கேப்டன் தானே அண்ணனாகிவிட்டார். அதன்பிறகு கதைக்குக் கை முளைத்தது, கால் முளைத்தது. மூன்று நாள் மிதந்தார். கரையில் மனைவி ஒருத்தி லாந்தரோடு காத்திருந்தாள். கேப்டனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. குழு விற்கிற அஞ்சலட்டைப் படத்தில் லாந்தர் இருந்தது, அதனால் கதைக்கும் வந்தது.

இந்தக் கதை தெரியாதவர் ஊரில் ஒருவர்தான்: அண்ணி. படித்துறை முனையில் மீன் விற்றுக்கொண்டிருந்தவரை, வாடை வருகிறதென்று இரண்டு வருஷத்துக்கு முன் குழு பஸ் நிலையத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டது. "மீன்பிடிக்கிற ஊர்ல மீன் வாடை வராம ரோஜா வாசனையா வரும்?" என்று கேட்டுவிட்டு அண்ணி கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் கேப்டனுக்கு அண்ணி வீட்டில்தான் சாப்பாடு. வேலையைப் பற்றிக் கேட்டால், "சும்மா வழி காட்டுறது அண்ணி" என்று தட்டைப் பார்த்துச் சொல்வார்.

போன செவ்வாய்க்கிழமை கேப்டன் கெந்திக்கொண்டு வந்தபோது வரிசையின் கடைசியில் அண்ணி நின்றிருந்தார். இடுப்பில் மீன்கூடை, கையில் சீட்டு.

"அண்ணி, நீங்க எங்க இங்க?"

"சீட்டு வாங்கியிருக்கேன் தம்பி. ஓசியில கேக்க வரல."

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"நேத்து மீன் வாங்கின ஒருத்தர் சொன்னார். உங்க ஊர் கேப்டன் மூணு நாள் மிதந்து வந்தாராம், பொண்டாட்டி படியிலயே நின்னுச்சாம்னு. யாரு அந்தப் பொண்டாட்டின்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். நீங்க நடங்க கேப்டன்."

அண்ணி அவரை 'நீங்க' என்று சொல்லி அன்றுதான் கேட்டார். கேப்டனுக்கு அன்றைக்குக் கால் நிஜமாகவே கெந்தியது. அண்ணி வாயைத் திறந்து ஒரு வரி சொன்னால் போதும், தொப்பி போய்விடும். தொப்பி போகட்டும், ஞாயிற்றுக்கிழமைத் தட்டு இனி உண்டா என்பதுதான் அவர் கவலை.

அண்ணி கூட்டத்தோடு கூட்டமாக நடந்தார். அதுதான் பயமாக இருந்தது. 'மீனவர் இல்லம்' என்று காட்சிக்கு வைத்த மாதிரி வீட்டில், மண்பொம்மைப் பெண்ணின் முன்னாலிருந்த ரப்பர் மீனின் செவுளைக் கைப்பழக்கத்தில் பிரித்துப் பார்த்தார். "பரவால்ல. இது கெட்டுப் போகாது" என்று திரும்ப வைத்தார். நங்கூரத்தடியில் கேப்டன் வழக்கப்படி சட்டைக் கையைச் சுருட்டி முன்கைத் தழும்பைக் காட்டினார். புயலில் வடம் அறுத்தது என்று சொல்வது வழக்கம். ஐஸ் அரைக்கும் இயந்திரத்தில் கை சிக்கிய அன்றைக்குக் கட்டுப் போட்டதே அண்ணிதான்.

"வடம் அறுத்தது" என்றார், குரல் இறங்கி.

அண்ணி குனிந்து பார்த்தார். "நல்லா ஆறிருச்சே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை.

படித்துறையில் முழங்கால் வலியென்று அண்ணி மேல்படியின் நடுவிலேயே உட்கார்ந்து, கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மற்றவர்கள் இரண்டு பக்கமும் நின்றார்கள். கொஞ்சம் தள்ளிச் செயலாளரம்மா கைக்கடிகாரத்தோடு நின்றார்.

கேப்டன் ஆரம்பித்தார். படகு கவிழ்ந்தது. முதல் நாள் வெயில், இரண்டாம் நாள் தாகம். கரையில் அவள் லாந்தரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு...

"லாந்தரா?" என்றார் அண்ணி.

"லாந்தர்தான்."

"எங்க வீட்டுல பேட்டரி லைட்டுதான் இருந்துச்சு. சரி, சொல்லுங்க."

கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் அண்ணியைப் பார்த்து, "அம்மா, கதைக்கு நடுவுல பேசாதீங்க" என்றார். அண்ணி தலையாட்டி ஒத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் விடியல். படித்துறையின் அடியில், தண்ணீருக்குள் இருக்கும் படகு கட்டும் இரும்பு வளையம் கைக்குத் தட்டுப்பட்டது. இதற்கப்புறம் வழக்கமான முடிவு: பத்தொன்பது படியையும் ஏறி மேலே வந்ததும் மனைவி, "சாப்பிட்டியா?" என்று ஒரே வார்த்தைதான் கேட்டாள், வாங்க, நாமும் சாப்பிடப் போகலாம். செயலாளரம்மா எழுதிக் கொடுத்தது. உணவகத்தில் கூட்டம் கூடியதே அந்த வரியால்தான்.

"வளையத்தைப் பிடிச்சார்" என்றார் கேப்டன்.

"பிடிச்சாரா? நீங்கதானே பிடிச்சீங்க?" என்றார் கண்ணாடிக்காரர்.

கேப்டனுக்கு அந்த முடிவு வாயில் வரவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தார். அலை கீழ்ப்படியை மூடிவிட்டு இறங்கியது. செயலாளரம்மா கடிகாரத்தை விரலால் தட்டிக் காட்டினார்.

"அண்ணி, நான் வேணும்னு சொல்லல. இல்லேன்னா அண்ணன் தினமும் செத்துப் போறாரு" என்றார் கேப்டன், அண்ணிக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அண்ணியும் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "பாதியில விட்டா எப்படி" என்றார். "சொல்லு தம்பி. ஏறட்டும்."

கேப்டன் கீழ்ப்படியைக் காட்டினார். "முதல் படியில கால் வச்சார். பாசி. வழுக்குச்சு. பிடிச்சுக்கிட்டார். ரெண்டாவது படி. மூணாவது..."

அண்ணி பக்கத்திலிருந்த கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முழங்காலை ஒடுக்கி, சுவரோரமாக நகர்ந்து, படியின் நடுவில் ஓர் ஆள் ஏறி வருகிற அளவுக்கு வழி விட்டார்.